சீனச் சிவப்புத் தேயிலை: எதை வாங்குவது?

சர்க்கரையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்ன பிறகுதான் நம்மில் பலர் தேயிலையின் சுவையை முதன்முதலாகத் தனியே சந்திக்கிறோம். மாமாக் கடையில் ‘தே ஓ கோசோங்’ கேட்டு வாங்கிக் குடித்தால் நாக்கில் படுவது கசப்பும் துவர்ப்பும் மட்டுமே. நான்கு நாள் பல்லைக் கடித்துக் குடித்துவிட்டு ஐந்தாம் நாள் தே தாரிக்குக்குத் திரும்பியவர்களை சுங்கை பூலோவில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அவர்கள் மேல் குற்றமில்லை. அந்தத் தூள் டின்பாலையும் சீனியையும் தாங்குவதற்கென்றே அரைக்கப்பட்டது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அதனிடம் தருவதற்கு வேறொன்றும் இல்லை.

மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்று நாட்டின் உடல்நல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. எனவே பாலும் சீனியும் இல்லாமல் விரும்பிக் குடிக்கத்தக்க தேநீர் எது என்ற கேள்வியை ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. நம் வீடுகளில் தினமும் எழும் கேள்வி அது. அதற்கு விடை நம் பக்கத்துக் கடைத்தெருவிலேயே, சீனர்களின் தேயிலைக் கடைகளில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. ஆனால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. நல்ல இலையும் வெறும் பெயரும் ஒரே அலமாரியில், சில சமயம் ஒரே விலையில் நிற்கின்றன.

சீனத்தில் தேயிலை வகை பல. பச்சைத் தேயிலையும் ஊலோங்கும் உயர்ந்தவைதாம். ஆனால் தூள் தேநீரில் வளர்ந்த நாக்குக்கு அவை வேறொரு பானம். நம்முடைய தேநீருக்கு நேர் உறவு, இலையை வாட்டி, உருட்டி, காற்றில் முழுக்கப் பழுக்கவிட்டு உலர்த்திச் செய்யும் வகை. அசாமும் சிலோனும் நீலகிரியும் பின்னால் கற்றுக்கொண்ட தொழில் அது. ஆங்கிலத்தில் அதைக் கறுப்பு என்கிறார்கள், சீனர்கள் வடிநீரின் நிறம் பார்த்துச் சிவப்பு என்கிறார்கள். சீனர்கள் கறுப்பு என்று சொல்வது பூஎர், லியூபாவ் போன்ற, அடுக்கிவைத்துப் புளிக்கவிட்ட இலைகளை. கடையில் இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் கேட்டது ஒன்று, கட்டிக்கொடுப்பது இன்னொன்று என்றாகிவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் குழப்பத்துக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் குடித்தது குவாங்சியிலிருந்து வந்த லியூபாவ். கிள்ளானின் பா குட் தே மேசையில் கொழுப்பை அறுப்பதற்காக வைக்கப்படுவது தியெகுவான்யின்னோ பூஎரோ. சிவப்புத் தேயிலையைச் சீனா நெடுங்காலம் ஐரோப்பாவுக்கும் ருஷ்யாவுக்கும் ஏற்றுமதிக்காகத்தான் செய்தது. இங்குள்ள சீனக் குடும்பங்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதனால் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டிலும் கிள்ளானிலும் உள்ள பழைய தேயிலைக் கடைகளின் பலம் இன்றும் பழைய பூஎரிலும் லியூபாவிலுமே இருக்கிறது. தவுக்கே நம்மை அந்தப் பக்கம் இழுப்பது ஏமாற்றுவதற்காக அன்று. அவருக்குத் தெரிந்த, அவர் பெருமைப்படும் சரக்கு அது. சிவப்புத் தேயிலை ஓரத்து அலமாரியில் இருக்கும். வாங்குபவருக்குத்தான் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

சீன எழுத்து படிக்கத் தெரியாத தமிழ் வாசகருக்கு ஒரு கைவிளக்கு கொடுத்துவிடுகிறேன். சீனாவிலிருந்து வரும் தேயிலைப் பொட்டலங்களில் எந்தத் தேசியத் தர அளவுகோலின்படி செய்யப்பட்டது என்று எண் அச்சிட்டிருப்பார்கள். சிவப்புத் தேயிலைக்கு அது பெரும்பாலும் ஜிபி/டி 13738. அதில் 13738.1 என்றால் உடைத்த இலை, 13738.2 என்றால் கோங்ஃபு எனப்படும் முழுஇலை, 13738.3 என்றால் சூசோங் வகை. 32719 என்று தொடங்கினால் அது புளிக்கவைத்த கறுப்புத் தேயிலை; 22111 என்றால் பூஎர். எண்ணும் உற்பத்தித் தேதியும் நமக்குப் படிக்கத் தெரியும் அல்லவா? அந்த இரண்டை வைத்தே பாதி அலமாரியைக் கழித்துவிடலாம். சில வட்டாரத் தேயிலைகளும் நிறுவனங்களும் வேறு அளவுகோல் எண்ணைப் போடுவதுண்டு. அங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி எதை வைத்து எடை போடுவது? நான் வைக்கும் அளவுகோல்கள் ஐந்து. முதலாவது, பாலும் சீனியும் இல்லாமல் நிற்க வேண்டும். இதில் தோற்றால் மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம். இரண்டாவது திடம்: ‘காவ்’ என்று கேட்டுக் குடித்துப் பழகிய வாய்க்கு வெந்நீரைக் குடித்த உணர்வு வரக்கூடாது. மூன்றாவது மணம், அது விழுங்கிய பின்னும் தொண்டையில் தங்குகிறதா என்பது. நான்காவது பொறுமை: வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு நிமிடம் கூடுதலாக ஊறிவிட்டாலும் கெட்டுப்போகாத இலையே வீட்டுக்கு ஏற்றது. ஐந்தாவது, பெயருக்கும் பொருளுக்கும் உள்ள நேர்மை. விலையை நான் தனியாக வைக்கவில்லை. ஐந்தில் எதற்காக அந்த விலை கேட்கப்படுகிறது என்று ஒவ்வொரு இலையிடமும் கேட்பதே சரியான முறை.

சோதிக்க ஒரு பொதுவழி இருக்கிறது. தேயிலைச் சுவைஞர்கள் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 3103 என்ற உலகத் தரமுறை 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல் என்று வகுத்திருக்கிறது. குடித்து மகிழ்வதற்கான முறை அன்று அது. இலையின் குற்றங்களை வெளியே கொண்டுவரும் கடுமையான விசாரணை. அதோடு மூடிக்கிண்ணத்தில் 4 கிராம் இலையிட்டு, சில நொடிகள் மட்டும் ஊறவைத்து, நான்கைந்து முறை நீர் ஊற்றிக் குடிக்கும் சீன முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று இலையின் குறையைக் காட்டும், மற்றது நிறையைக் காட்டும். தண்ணீரைப் பொறுத்தவரை நமக்கு அதிர்ஷ்டம்தான்: சிலாங்கூரின் குழாய்நீர் ஆற்றுநீர், உப்புக்கடினம் குறைவு. குளோரின் வாடைதான் இடைஞ்சல். வடிகட்டியோ, நீரைச் சிறிது நேரம் திறந்து வைத்தோ, மூடியைத் திறந்து கொதிக்கவிட்டோ அதைப் போக்கிக்கொள்ள வேண்டும். நல்ல இலையின் மணத்தை அந்த வாடை அடித்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

முதலில் புகழ் மிகுந்ததை எடுத்துக்கொள்வோம். ஃபுஜியான் மாநிலத்து வூயி மலையில் தொங்மு என்ற கிராமப் பகுதி. உலகின் முதல் சிவப்புத் தேயிலை பிறந்த இடமாகப் பரவலாகச் சொல்லப்படுவது அதுதான். லாப்சாங் சூசோங் அங்கிருந்து வருகிறது. பைன் விறகுப் புகையில் வாட்டி உலர்த்திய இலை. நல்ல லாப்சாங்கில் புகை ஓர் ஓரமாக நிற்கும். நடுவில் உலர்ந்த லோங்கான் பழத்தின் இனிப்பு இருக்கும். ஆனால் அந்தப் பெயரில் நமக்கு மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வேறெங்கோ விளைந்த சாதாரண இலைக்குக் கடும்புகை ஏற்றியவை. அவற்றைக் குடித்தால் தேயிலையைத் தேட வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தேயிலையில் ஆந்த்ராகுவினோன் என்ற பொருளுக்குக் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்று கடுமையான வரம்பு வைத்ததில் இடறி விழுந்தவற்றுள் முக்கியமானது இந்தப் புகைத் தேயிலை. நம் கேள்விக்கு விடையாக இதை நான் ஏற்கவில்லை. கருவாட்டு மணம் நமக்குப் பிடிக்கும் என்பதற்காக அதைக் காலைத் தேநீரில் யாரும் தேடுவதில்லை. எப்போதாவது ஒரு மழைநாள் மாலைக்கு வேண்டுமானால் சிறிதளவு வாங்கி வைக்கலாம்.

அதே தொங்முவில் 2005-ல் பிறந்தது ஜின் ஜுன் மெய். ஜியாங் யுவான்ஷுன் என்பவரின் குழுவினர், புகையை விட்டுவிட்டு, இளவேனிலின் மொட்டுகளை மட்டும் பறித்துச் செய்த இலை. அரைக் கிலோவுக்குப் பல்லாயிரம் மொட்டுகள் வேண்டும். அது வந்த பிறகுதான் சீனர்களே சிவப்புத் தேயிலையைப் பெருமையாகக் குடிக்கத் தொடங்கினார்கள். அந்த அளவில் அதன் வரலாற்று இடம் பெரியது. உண்மையான ஜின் ஜுன் மெய்யின் சுவையும் குறைசொல்ல முடியாதது: தேனும் பூவும் கலந்த மெல்லிய இனிப்பு, துளிக் கசப்பும் இல்லை, ஆறு நிமிட விசாரணையிலும் முகம் சுளிக்காது.

பிறகு ஏன் தயங்குகிறேன்? இரண்டு காரணங்கள். ஒன்று திடம். மொட்டு மட்டும் உள்ள தேயிலையில் இனிப்பு மிகும், உடல் குறையும். வாயை நிறைக்கும் கனம் முற்றிய இலையிலிருந்துதான் வருகிறது. தே தாரிக் குடித்த வாய்க்கு ஜின் ஜுன் மெய் அழகான ஒரு முன்னுரையாக முடிந்துவிடுகிறது. இன்னொன்று பெயர். இந்தப் பெயரை ஒரு நிறுவனம் தன் வணிகச்சின்னமாகப் பதிவுசெய்ய முயன்ற வழக்கில், 2013-ல் பெய்ஜிங் உயர் மக்கள் நீதிமன்றம் அது ஒரு தேயிலை வகையின் பொதுப்பெயராகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. அதாவது எந்த மலையில் பறித்த மொட்டையும் யாரும் அந்தப் பெயரில் விற்கலாம். தொங்மு சிறிய இடம். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருப்பது. வெளியார் நுழையவே கட்டுப்பாடு உண்டு. அங்கே விளைவதை வைத்து உலகம் முழுக்க அலமாரிகளை நிரப்ப முடியாது. நம் ஊரில் பொன்னிறப் பெட்டியில், பட்டுத்துணி விரித்து, சீனப் புத்தாண்டுப் பரிசாக விற்கப்படும் ஜின் ஜுன் மெய்யில் நாம் பெட்டிக்குக் கொடுக்கும் பணம் எவ்வளவு, மொட்டுக்குக் கொடுப்பது எவ்வளவு என்று கணக்கிட வழியே இல்லை. நேர்மை என்ற அளவுகோலில் இலை தோற்கவில்லை, பெயர் தோற்றுவிட்டது. வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்தது கீமுன். ஆன்ஹுய் மாநிலத்தின் சிமென் வட்டாரத்துத் தேயிலை. ஃபுஜியானில் அதிகாரியாக இருந்து பதவியிழந்து ஊர் திரும்பிய யூ கான்ச்சென் என்பவர், அங்கே கண்ட சிவப்புத் தேயிலைத் தொழிலை 1875-ல் இங்கே தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. பழைய ஆங்கில ‘பிரேக்ஃபாஸ்ட்’ கலவைகளுக்கு உயிர் கொடுத்தது இந்த இலைதான். இதற்கும் பெயர் வழக்கு உண்டு. சிமென் வட்டத்துக்குள் விளைவதற்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது என்று பதிவுசெய்யப்பட்ட சின்னம், அண்டை வட்டங்களிலும் அத்தேயிலை தொன்றுதொட்டுச் செய்யப்பட்டு வந்தது என்ற காரணத்தால் 2017-ல் நீதிமன்றத்தில் நிலைக்காமல் போயிற்று. ஆனால் ஜின் ஜுன் மெய்க்கு நேர்ந்ததற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. இங்கே எல்லை அகன்றது, அழியவில்லை. அண்டை வட்டங்களும் அதே மலைத்தொடர், அதே செடி, அதே கைமுறை. கீமுன் என்ற பெயருக்கு இன்னும் பொருள் இருக்கிறது.

மணம் என்று வந்தால் கீமுனுக்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறு சிவப்புத் தேயிலை இல்லை. ரோஜாவில் உள்ள ஜெரேனியால் என்ற அதே வாசப்பொருள் இந்த இலையில் மிகுதி. மூடிக்கிண்ணத்தின் மூடியைத் திறந்து முகர்ந்தால் முதலில் பூ, பிறகு கோக்கோ, கடைசியில் பழைய மரப்பெட்டியின் இதமான வாசம் என்று மூன்று அடுக்காக வரும். சிறிய, ஒல்லியான, கருகருவென்ற இலை. வடிநீர் தெளிந்த சிவப்பு. மணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதானால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடுவேன்.

ஆனால் கீமுன் பொறுமையற்ற இலை. சீனச் சிற்றிலைச் செடியில் சாரம் மென்மையானது. மூன்று நிமிடத்துக்குள் எடுத்தால் அற்புதம், ஆறு நிமிடத்தில் மணம் மங்கிக் கசப்பின் விளிம்பு தெரிகிறது, பின்னால் லேசான புளிப்பும் எட்டிப்பார்க்கிறது. இரண்டாம் நீரில் பாதி போய்விடும், மூன்றாம் நீர் நினைவு மட்டும்தான். தரத்திலும் ஏற்ற இறக்கம் அதிகம். ஹாவ் யா, மாவ் ஃபெங் என்ற பெயர்களில் வரும் நல்ல படிகள் ஒருபுறம். பெரிய டின்களில் ஏற்றுமதிக்கென்று அடைத்து வரும் மலிவு கீமுன் இன்னொருபுறம். அந்த இரண்டாவதைக் குடித்துவிட்டு, கீமுன் என்றால் இவ்வளவுதானா என்று கைவிட்டவர்கள் ஏராளம். கற்றுக்கொண்டவர் கைக்குக் கீமுன் நன்றி காட்டும், முதன்முதலாகச் சீனியை விட்டவர் கையில் அது பாழாகும்.

அடுத்து வரும் யுன்னான் தேயிலையிடம்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். தியென்ஹோங் என்பது அதன் பெயர். இதற்கும் கீமுனுக்கும் ஒரே மனிதர் வழியாக உறவு உண்டு. ஃபெங் ஷாவ்ச்சியூ என்ற தேயிலை வல்லுநர் சிமெனில் தொழில் மேம்பாட்டு நிலையத்தில் பணியாற்றியவர். ஜப்பானியப் படையெடுப்பால் கிழக்கு மாநிலங்களின் தேயிலைப் பகுதிகள் ஆபத்துக்குள்ளானபோது, ஏற்றுமதிக்கு மாற்று இடம் தேடி 1938-ல் அவர் யுன்னானுக்கு அனுப்பப்பட்டார். இன்று ஃபெங்ச்சிங் என்று அழைக்கப்படும் அன்றைய ஷுன்னிங்கில், அங்கே தொன்றுதொட்டு வளர்ந்த பேரிலை மரங்களின் இலையை எடுத்துச் சிவப்புத் தேயிலை செய்து பார்த்தார். 1939-ல் உற்பத்தி தொடங்கியது. சரக்கு ஹாங்காங் வழியாக லண்டனுக்குப் போயிற்று. போரின் நெருக்கடியில் பிறந்த தேயிலை அது. ஆயிரமாண்டுக் கதையோ அரண்மனைக் கதையோ அதற்கு வேண்டியதில்லை.

அதன் சுவைக்குக் காரணம் செடி. யுன்னானின் பேரிலைச் செடி அசாமிக்கா என்ற இனவகையைச் சேர்ந்தது; அசாம் தேயிலையின் உறவு. சிற்றிலைச் செடியைவிட இதில் பாலிபீனால்கள் அதிகம். இலை பழுக்கும்போது அவைதாம் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற பொருள்களாக மாறி வடிநீருக்குச் செம்மையும் கனமும் தருகின்றன. நாம் சிறுவயது முதல் குடித்த தூளின் திடமும் பெரும்பாலும் இதே இனவகையிலிருந்து வந்ததுதான். ஆகவே தியென்ஹோங்கின் முதல் மிடறிலேயே நம் வாய்க்கு ஓர் அறிமுகம் தட்டுகிறது. ஆனால் தூளில் அரைபட்டு ஒரே நிமிடத்தில் கொட்டித் தீரும் சாரம், இங்கே முழுஇலைக்குள் அடங்கிச் சிறுகச்சிறுக இறங்குகிறது. சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கின் இனிப்பு, மால்ட் வாசம், பின்னால் மிளகின் மிக மெல்லிய காரம். துவர்ப்பு உண்டு, இருந்தாலும் அது நாக்கைப் பிடித்து இழுக்காமல் விளிம்பில் நின்றுவிடுகிறது. சீனி இல்லை என்ற குறையே தோன்றாத தேநீர் இது. என் முதல் அளவுகோலுக்கு இதைவிட நேரான விடையை நான் பார்க்கவில்லை.

ஆறு நிமிட விசாரணையில் தியென்ஹோங்கும் தப்பவில்லை. துவர்ப்பு ஏறியது. ஆனால் இனிப்பு அதன் அடியில் அப்படியே கிடந்தது, நீர் சேர்த்தால் மீண்டது. பொறுமை என்று நான் சொன்னது இதைத்தான். மூடிக்கிண்ணத்தில் ஐந்தாம் நீர் வரைக்கும் நிறமும் சுவையும் தந்தது. வெறும் குவளையில் இலையைப் போட்டுவிட்டு வெந்நீரை மேலே மேலே ஊற்றிக் குடித்தாலும் கைவிடாது. மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் தாதியருக்கும், லாரியில் வெந்நீர்ப் போத்தலோடு போகும் ஓட்டுநருக்கும் இது பெரிய வசதி.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கீமுனின் நுட்பம் இதனிடம் இல்லை. மணம் அடுக்கடுக்காக விரியாமல் ஒரே அலையாக வந்து போகும். யுன்னான் பெரிய மாநிலம். வேனிலில் பறித்த முரட்டு இலையும் இதே பெயரில் வருகிறது. கடைசியில் அடுப்பில் உலர்த்தாமல் வெயிலில் உலர்த்திய ஒரு வகை அண்மைக் காலத்தில் அதிகம் காணப்படுகிறது. சேமித்து வைக்கலாம் என்று விற்கிறார்கள். புதிதாக இருக்கும்போது அதில் ஒரு புளித்த பச்சைவாடை இருக்கும். நமக்கு வேண்டியது அதுவன்று. இன்னொரு கவர்ச்சியிலும் விழக்கூடாது: முழுக்கப் பொன்னிற மொட்டாக மின்னும் ‘தங்க ஊசி’ வகை. பார்வைக்கு அழகு, விலையும் அதிகம், ஆனால் ஜின் ஜுன் மெய்யிடம் சொன்ன அதே குறை இங்கும் உண்டு. ஒரு மொட்டும் ஒன்றிரண்டு இலையும் கலந்து, கறுப்புக்கு நடுவே பொன்னிழை ஓடும் நடுத்தரப் படியே இதில் சுவை மிகுந்தது. விலை குறைந்தது சுவையில் கூடியதாக இருப்பது தேயிலையில் அரிதாக நடக்கும் காரியம். அது நடக்கும் இடத்தை அறிந்து வாங்குவதுதான் இந்தத் திறனாய்வின் பயன்.

இவை தவிர இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குவாங்தோங் மாநிலத்தின் யிங்தே தேயிலை 1959-ல் தொடங்கியது. அதன் புகழ்பெற்ற ஒன்பதாம் எண் செடி யுன்னான் பேரிலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. நல்லது, தியென்ஹோங்குக்குத் தம்பி என்று சொல்லலாம், கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் நம் பகுதியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிச்சுவான் சிவப்புத் தேயிலையும் அப்படியே.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். நம்மவர் வியர்வையில் விளைந்த கேமரன் மலைத் தேயிலை இருக்கும்போது சீன இலை எதற்கு? ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் தொடங்கிய போ தோட்டங்களும், 1933-ல் தொடங்கிய பாரத் தோட்டமும் தமிழ்த் தொழிலாளர் கையால் உருவானவை. லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சுங்கை பூலோவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிறார்கள். அந்தத் தேயிலையின் மேல் நமக்குள்ள உரிமை உணர்வை நான் மதிக்கிறேன். என் வீட்டிலும் அது உண்டு. ஆனால் சுவையைப் பற்றிய தீர்ப்பில் அந்த உணர்வை எடைக்கல்லாக வைக்கக் கூடாது. கேமரன் தேயிலை பெரும்பாலும் கத்தரியாலும் இயந்திரத்தாலும் அறுவடையாகி, உடைத்த இலையாகவும் தூளாகவும் பைகளில் வருகிறது. பாலுக்கு அது நல்ல இலை. பால் ஊற்றிக் குடிப்பவருக்கு நான் சீன இலையைப் பரிந்துரைக்கவே மாட்டேன். பாலின் கேசின் துவர்ப்பைக் கட்டிப்போடும்போது கீமுனின் மணமும் கூடவே அமுங்கிவிடும். நம் கேள்வி பாலில்லாத குவளையைப் பற்றியது. அங்கே உடைத்த இலை நிற்பதில்லை. கேமரனிலிருந்து முழுஇலையாக வரும் சில சிறப்பு வகைகள் உண்டு, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இரண்டாம் நீருக்குக் கொடுக்க அவற்றிடம் அதிகம் இல்லை. நுவரெலியாவின் முழுஇலை இவற்றைவிட வலுவான போட்டியாளர். நம் கடைகளுக்கு வரும் சிலோன் தேயிலை பெரும்பாலும் பைத்தூளாகவே இருப்பதுதான் வருத்தம்.

செலவைப் பற்றிய அச்சமும் பெரும்பாலும் கணக்குப் போடாததால் வருவது. நடுத்தரத் தியென்ஹோங் 100 கிராம் 40 வெள்ளி என்று கொள்வோம். ஒரு முறைக்கு 4 கிராம். ஆக 25 முறை. முறைக்கு 1 வெள்ளி 60 காசு, அதில் நான்கு ஐந்து ஊற்று. இரண்டு பேர் குடிக்கலாம். மாமாக் கடையில் ஒரு குவளைக்குக் கொடுப்பதைவிட இது குறைவு. அதே இலை 100 கிராம் 200 வெள்ளி என்று யாராவது சொன்னால், கூடுதலான 160 வெள்ளிக்கு நாக்குக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். மொட்டின் அருமையும் மலையின் பெயரும் கிடைக்கலாம். சுவை ஐந்து மடங்காக நிச்சயம் கூடாது. மறுமுனையில், 100 கிராம் 10 வெள்ளிக்குக் கிடைத்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். மலிவு இலையில் சர்க்கரை சேர்த்து இனிப்புக் காட்டும் வழக்கம் உண்டு. உலர்ந்த இலை விரலில் பிசுபிசுத்தாலோ, மிட்டாய் வாசம் அடித்தாலோ, முதல் நீரில் இருந்த இனிப்பு இரண்டாம் நீரில் அடியோடு காணாமல் போனாலோ வாங்காதீர்கள்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, சுவைத்துப் பார்க்கவிடும் கடையே கடை. கோலாலம்பூரில் பர்ப்பிள் கேன் போன்ற தேநீர் நிலையங்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து உட்காரவைத்து ஊற்றிக்கொடுக்கும் வழக்கத்தைப் பரப்பியிருக்கின்றன. பழைய கடைகளிலும் கேட்டால் தவுக்கே மறுப்பதில்லை. சுங்கை பூலோவிலிருந்து கோமுட்டர் ஏறினால் கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையத்தில் இறங்கிப் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். நம்மவர்கள் சீனத் தேயிலைக் கடைக்குள் நுழையவே கூச்சப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். கூச்சம் வேண்டாம். “தவுக்கே, தியென்ஹோங் இருக்கா? இந்த வருசத்து இலையா?” என்று மலாயில் கேட்டாலே போதும். நமக்குத் தேவை எதுவென்று தெரிந்திருப்பது அவருக்கும் புரிந்துவிடும். ஓரத்து அலமாரி திறக்கும். இணையக் கடைகளில் விலை குறைவுதான். ஆனால் முகராமல் வாங்கும் இலையில் பெயரை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது, பெயர்களின் நிலை என்ன என்பதை மேலே பார்த்தோம். ஒரே கடையில் இரண்டு முறை நல்ல இலை கிடைத்த பிறகு இணையத்தில் வாங்குவது தவறில்லை.

என் தீர்ப்பு இது. பாலையும் சீனியையும் விட்டு விலக விரும்பும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு முதலில் வாங்க வேண்டிய சீனச் சிவப்புத் தேயிலை தியென்ஹோங் கோங்ஃபு: இளவேனில் பறிப்பு, மொட்டும் இலையும் கலந்த நடுத்தரப் படி, முடிந்தால் ஃபெங்ச்சிங் வட்டாரத்து இலை. ஐந்து அளவுகோலில் நான்கில் அது முன்னே நிற்கிறது. மணத்தில் மட்டும் கீமுனுக்கு வழிவிடுகிறது. கீமுன் இரண்டாவது, சீனி இல்லாமல் குடித்துப் பழகி, ஊறும் நேரத்தைக் கவனிக்கும் பொறுமை வந்த பிறகு அது முதலாவதாகவும் ஆகலாம், அந்த வாய்ப்பை நான் திறந்தே வைக்கிறேன். ஜின் ஜுன் மெய்யை யாராவது நண்பர் தந்தால் மகிழ்ந்து குடியுங்கள், கைக்காசு போட்டு வாங்க வேண்டாம். லாப்சாங் தனி ருசி. அதைத் தேடுபவர்களுக்குத் தெரியும்.

எவ்வளவு வாங்குவது என்பதும் தீர்ப்பின் பகுதிதான். சுங்கை பூலோவின் செடிப் பண்ணைகள் செழிக்கக் காரணமான அதே ஈரக்காற்று உலர்ந்த தேயிலைக்கு நேர் எதிரி. பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் தியென்ஹோங்கின் மணம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். மூடாமல் வைத்தால் சில வாரங்களே. பழையது உயர்ந்தது என்ற பூஎர் நியாயம் இதற்குப் பொருந்தாது. ஆகவே ஒரு முறைக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம், உற்பத்தித் தேதி ஒன்றரை ஆண்டுக்கு மேல் பின்தங்கியிருந்தால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். காற்றுப் புகாத டின்னில், அடுப்புக்கும் மசாலாப் பெட்டிக்கும் தள்ளி வையுங்கள். நம் சமையலறையில் சீரகமும் சோம்பும் இருக்கும் அலமாரியில் வைத்த எந்தத் தேயிலையும் ஒரு மாதத்தில் தன் மணத்தை இழந்து அவற்றின் மணத்தை வாங்கிக்கொள்ளும்.